டோர்ச் அடித்தால் தெரியும் தூசி

போன கிழமை கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். நான் விற்கப் போட்டிருந்த 70-300 லென்ஸைப் பார்க்கத்தான், 70 மில்லிமீற்றரிலிருந்து 300 வரை திருப்பித் தூரத்தைக் கிட்ட இழுக்கிற லென்ஸ் அது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த பிளேன்டியை ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸின் முன்மூடியையும் பின்மூடியையும் கழற்றினான். போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்து, முன்பக்கத்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, உள்ளுக்குத் தூசி கிடக்கு."

"கிடக்கும் தம்பி."

"கனக்கக் கிடக்கண்ணே. ஒரு தும்பும் கிடக்கு."

"அதுவும் தெரியும். 2018-ல இருந்து அது அதுக்குள்ளதான் கிடக்கு."

நேற்றைய மீனை இன்றைக்குப் பிடித்தது என்று விற்கிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் டோர்ச் அடித்துப் பார்த்து, இரவில் தூக்கம் வராமல் கிடந்தவன்.

அந்தத் தும்பு உள்ளே போன கதையை முதலில் சொல்கிறேன். 2018-ல் கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து வருகிற அடியார்கள் பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்கு வந்து சேர்வார்கள். அங்கேயிருந்துதான் காடு. நான் உகந்தையில்தான் போய்ச் சேர்ந்துகொண்டேன், முழு வழியும் நடந்தேன் என்றால் அது பொய். அது கச்சான் காற்று வீசுகிற காலம். வெளியூர்க்காரருக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் கச்சான் என்று நிலக்கடலைக்கும் சொல்வோம், மேற்கே மலையைத் தாண்டி இறங்கி வருகிற அந்த வறண்ட சூட்டுக் காற்றுக்கும் சொல்வோம். இரண்டில் ஒன்றுதான் வாய்க்கு நல்லது. மற்றது உதட்டை வெடிக்க வைக்கும். குமண காட்டுப் பாதையில் ஆயிரக்கணக்கான கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்போது முன்னால் போகிறவரின் புழுதிதான் பின்னால் வருகிறவருக்குத் திருநீறு. கும்புக்கன் ஆற்றில் இறங்கிக் குளித்தபோது தலையிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் வடிந்தது. அந்தப் புழுதிக்குள் நாள் முழுக்க நான் லென்ஸை இழுப்பதும் சுருக்குவதுமாக இருந்தேன். முன்னால் ஒரு கிழவியின் காவடி, தூரத்தில் மரத்தில் ஒரு பெருநாரை, திரும்பவும் கிழவி.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது உள்ளே ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டமே இருந்தது. அதன் நடுவில் வளைந்தபடி, ஒரு மில்லிமீற்றர் நீளத்தில், அந்தத் தும்பு. யாருடைய வேட்டியிலிருந்து வந்ததோ.

எப்படிப் போகிறது என்று பலர் கேட்பார்கள், லென்ஸ் மூடித்தானே இருக்கிறது என்று. முழுக்க மூடியிருக்கவில்லை. 70-ல் கட்டையாக இருக்கிற லென்ஸ் 300-க்குத் திருப்பினால் நீள்கிறது. நீண்டால் உள்ளே இடம் கூடுகிறது, கூடிய இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். கொல்லன் உலைத் துருத்தி மாதிரியேதான். லென்ஸைக் கமெராவிலிருந்து கழற்றி, பின்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, நீட்டி வைத்ததைச் சடக்கென்று சுருக்கிப் பாருங்கள். பூனைக்குட்டி மூச்சு விடுவது போல ஒரு சின்னக் காற்றுக் கன்னத்தில் படும். போகிற காற்றுக்கு வழி இருந்தால் வருகிற காற்றுக்கும் வழி இருக்கிறது. கேனன் 1998-ல் விட்ட 100-400 லென்ஸ் திருப்புவது அல்ல, முன்னும் பின்னும் தள்ளி இழுப்பது. அதற்குப் படக்காரர்கள் வைத்த பட்டப்பெயரே தூசிப் பம்ப். 2014-ல் வந்த அதன் அடுத்த பதிப்பைத் திருப்புகிற மாதிரி மாற்றினார்கள், ஆனால் அதுவும் நீளத்தான் செய்யும்.

ரப்பர் வளையம் வைத்து அடைத்த லென்ஸ் என்று விலை கூட்டி விற்கிறார்களே, அதுவும் சுவாசிக்கத்தான் வேண்டும். முழுக்கக் காற்றுப் புகாமல் அடைத்தால் இழுக்கவே வராது, அடைத்த ஊசிக்குழலை இழுப்பது போலத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடைப்பு இருந்தால் தூசி குறையும், மழைத் துளி நிற்கும், அவ்வளவுதான். நீளாமல் உள்ளுக்குள்ளேயே கண்ணாடி நகர்கிற லென்ஸ்களும் உண்டு. எஃப் 2.8 உள்ள (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் நுழைகிற துளை பெரிது) பழைய 70-200 பெரும்பாலும் அப்படித்தான். சோனியின் 200-600-உம் நிக்கோனின் 180-600-உம் அப்படியே. அவற்றிலும் தூசி போகும், கொஞ்சம் மெதுவாக.

சரி, போனால் என்ன?

நுளம்பு வலைக்குள் படுத்திருக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். வலையைக் கண்ணிமையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டவாக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பாருங்கள். வலை காணாமல் போய்விடும். இருக்கிறது, ஆனால் தெரியாது. தென்னோலையின் ஒரு நுனியிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரே நூலாக வருவதில்லை, கண்மணி முழுக்கப் பரவி வந்து பிறகுதான் உள்ளே ஒரு புள்ளியாகக் கூடுகிறது. நடுவில் ஒரு நூல் கொஞ்சத்தை மறைத்தால் மீதி வெளிச்சம் பக்கங்களால் வந்து அந்தப் புள்ளியை நிரப்பிவிடுகிறது. லென்ஸின் முன்கண்ணாடித் தூசியும் அப்படித்தான். அது படத்தில் ஒரு புள்ளியாக விழாது. மொத்த வெளிச்சத்தில் ஒரு துளியைத் திருடும், அவ்வளவுதான்.

எவ்வளவு திருடும் என்று கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 மில்லிமீற்றரில் எஃப் 5.6 என்றால் வெளிச்சம் நுழைகிற வட்டத்தின் விட்டம் 300-ஐ 5.6-ஆல் பிரித்தது, ஏறக்குறைய 54 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு தூசி, அதுவே கண்ணால் பார்த்துத் திடுக்கிடுகிற அளவு, அந்த வட்டத்தின் பரப்பில் பதினோராயிரத்தில் ஒரு பங்குகூட மறைக்காது. அப்படி நூறு தூசி கிடந்தாலும் நூற்றுக்கு ஒன்று வராது. கமெராவில் ஒரு கிளிக் வெளிச்சத்தைக் குறைப்பதே இதை விட எத்தனையோ மடங்கு.

கணக்கை நம்பாதவர்களுக்காக ஒரு சோதனையும் செய்தேன். மின்கம்பி சுற்றுகிற கறுப்பு டேப்பில் ஐந்து மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு வட்டத்தை வெட்டி, முன்னால் போட்டிருந்த பில்டர் கண்ணாடியின் நடுவில் ஒட்டினேன். தூசி இல்லை, பயறு ஒன்றே ஒட்டிக் கிடப்பது போல இருந்தது. கல்லடிப் பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே வாவியில் நட்டிருந்த கம்பில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீர்க்காகத்தை 300-ல் எடுத்தேன். டேப்போடு பத்து, டேப்பைக் கழற்றிப் பத்து. வீட்டில் என் மகளிடம் எது எது என்று காட்டச் சொன்னேன். மாறி மாறிக் காட்டினாள், பாதி பிழை. எனக்கும் பாதி பிழை.

அதே டேப்பை என்னிடமிருந்த 18-55 என்ற அகல லென்ஸின் முன்னால் ஒட்டி, 18-ல் வைத்து, எஃப் 22-க்கு இறுக்கி, வானத்தை எடுத்தேன். நடுவில் அழுக்கு விரலால் தொட்டது போல ஒரு பெரிய கறை. அங்கே வெளிச்சம் நுழைகிற வட்டம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நுளம்பு வலையை விட்டுக் கண்ணை ஒரு முழம் பின்னால் எடுத்தது போலத்தான். ஆகவே அகல லென்ஸில், சின்னத் துளையில், வெயிலுக்கு நேரே எடுக்கிறவர்கள் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வது நல்லது. உள்ளே கிடப்பதிலும் பின்கண்ணாடிக்குக் கிட்டக் கிடப்பதுதான் கொஞ்சம் வாலாட்டும், படம் பதிகிற சென்சருக்குக் கிட்டவென்பதால்.

இன்னும் இரண்டு இடத்தில் தூசி தன் முகத்தைக் காட்டும். ஒன்று, பின்னணியில் மங்கலாக விழுகிற விளக்கு வட்டங்கள். கலியாண வீட்டுச் சீரியல் பல்ப்புகளுக்கு முன்னால் பொம்பிளை மாப்பிள்ளையை நிறுத்தி, பின்னால் பல்ப்புகள் பொன் காசு மாதிரி உருண்டையாக விழும்படி எடுப்போமே, அந்தக் காசுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே அதே இடத்தில் அதே புள்ளிகள் இருக்கும். ஒரு காசில் எங்கள் தும்புகூட வளைந்தபடி தெரிந்தது. பொம்பிளை வீட்டார் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்குக் கழுத்தில் கிடந்த கொடி தெரிந்தால் போதும்.

மற்றது வெயிலுக்கு எதிரே எடுப்பது. எங்கள் ஊரில் இது தினமும் வருகிற பிரச்சினை. கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. பெயரிலேயே சூரியன் இருக்கிறது. காலையில் கல்லடிக் கடற்கரையில் நின்றாலும் சூரியன் லென்ஸுக்குள், மாலையில் வாவியோரம் நின்றாலும் லென்ஸுக்குள். நாலு தூசி பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மெல்லிய மா மாதிரி ஒரு படலமே படிந்திருந்தால் கறுப்பு கறுப்பாக இராது, சாம்பல் பூசினது போல வெளிறும். அந்தப் படலம் பெரும்பாலும் உள்ளே இல்லை, வெளியே, நாமே விரலால் தடவின எண்ணெய். உடல் வியர்வையும் கடல் உப்புக் காற்றும் சேர்ந்தது. உள்ளே எட்டிப் பார்க்குமுன் வெளியைத் துடையுங்கள்.

ஆட்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிற "லென்ஸ் தூசி"யில் பத்துக்கு எட்டு லென்ஸிலேயே இல்லை. வானத்தில் கறுப்புப் பொட்டு, மணவறை வெள்ளைச் சீலையில் கறுப்புப் பொட்டு. அது சென்சருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடித் தகட்டில் ஒட்டினது. சோதிப்பது லேசு. எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுங்கள். லென்ஸை மாற்றி இன்னொன்று எடுங்கள். பொட்டு நின்ற இடத்திலேயே நின்றால் சென்சர். 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கமெரா இந்தத் தகட்டை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதியோடு வந்தது. இப்போது அநேகக் கமெராக்களில் அது உண்டு. அதற்கும் போகாவிட்டால் ரப்பர் ஊதி, அதற்கும் போகாவிட்டால்தான் ஈரத் துடைப்பு. தயவுசெய்து டயர் ஒட்டுகிற கடையில் கம்ப்ரசரைக் காட்டாதீர்கள். ஆரையம்பதியில் ஒரு சிநேகிதர் காட்டினார். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும் என்பதை அவர் படிப்பதற்கு ஒரு கமெரா போயிற்று.

இனி என் வெட்கக் கதை. தூசிக்குப் பயந்து ஒருமுறை அந்த 18-55-ஐ நானே கழற்றினேன். மணிக்கூடு திருத்துகிறவரிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் பெட்டியை இரவல் வாங்கி, மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெயர் எழுதிய முன் வளையத்தை நெம்பினதும் கீழே மூன்று ஸ்க்ரூ. கழற்றினேன். கண்ணாடி கையோடு வந்தது. அதன் கீழே ஸ்க்ரூ ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய வளையத் துண்டுகள், ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு. எதற்கு இவை என்று யோசிக்கவில்லை. இரண்டு தூசியை ஊதி எடுத்தேன், துவாயிலிருந்து ஒரு பஞ்சைப் புதிதாக உள்ளே விட்டேன், துண்டுகளைக் கைக்கு வந்தபடி போட்டு இறுக்கினேன். அந்தத் துண்டுகள்தான் கண்ணாடியைச் சாயாமல் நிறுத்துபவை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கிழமை சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். குடும்பப் படத்தை அந்த லென்ஸால்தான் எடுத்தேன். பொம்பிளை பக்கத்தார் எல்லாரும் கண் மை வரைக்கும் தெளிவு. இடது பக்கம் நின்ற மாப்பிள்ளை பக்கத்தார் எல்லாரும் பனிக்குள் நின்றது போல. மாப்பிள்ளையின் பெரியம்மா அல்பத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட பக்கத்த மட்டும் வேணுமெண்டே இப்பிடி எடுத்திருக்கான்" என்றாராம். இன்றைக்கும் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். இரண்டு தூசிக்கு ஒரு உறவு.

பிறகு ஒருமுறை வேறொரு லென்ஸைத் துப்புரவாக்கக் கொழும்புக்கு அனுப்பினேன். காசு கொடுத்தேன், ஆறு கிழமை காத்திருந்தேன். பழைய தூசி போய்ப் புதுத் தூசி வந்திருந்தது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். இழுக்கிற லென்ஸைத் துப்புரவாக்கி எடுத்தாலும் அடுத்த வெட்டுக் காலத்தில் வவுணதீவுப் பக்கம் வயலுக்குள் போய், நெல் வெட்டுகிற மெசினுக்குப் பின்னால் நின்று நாலு தரம் இழுத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மண் மட்டும் வேறு கதை. அறுகம்பைக் கடற்கரையில் பையை மணலில் வைத்துவிட்டு, அலையில் சறுக்குகிறவர்களை எடுக்கப் போய், ஒரு மணல் மணி இழுக்கும் குழாயின் இடுக்கில் மாட்டிக்கொண்டால் திருப்பும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். அது படத்தைக் கெடுக்காது, இயந்திரத்தைத் தின்னும். அந்தச் சத்தம் கேட்டால் திருப்புவதை நிறுத்துங்கள். குப்புறப் பிடித்து ஊதியால் ஊதி, தூரிகையால் தட்டுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களோ, நீங்களே அரைத்துக் கொடுக்கிறீர்கள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பயமானது இரண்டுமில்லை, பூஞ்சணம். என்னிடம் ஒரு 50 மில்லிமீற்றர் இருந்தது. இழுக்காத, நீளாத, டோர்ச் அடித்தால் வெள்ளிக்கிண்ணம் மாதிரி மின்னுகிற லென்ஸ். அவ்வளவு துப்புரவு என்பதால்தான் அதை வெளியே எடுக்காமல், தோல் பையில் போட்டு, அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். ஒரு மாரி முழுக்க அது அங்கேயே கிடந்தது. கார்த்திகை மார்கழியில் எங்கள் வீட்டில் ஈரப்பத மானி 85-ஐத் தாண்டி நிற்கும், சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். தைப் பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி, கிளை விட்டுக் கிளை விட்டு ஓடியிருந்தது. தூசி வந்த இடத்தில் கிடக்கும். இது வளரும். வளர்ந்து விடுகிற அமிலம் கண்ணாடிப் பூச்சை அரிக்கும். துடைக்கக் கொடுத்தேன், நூல் போனது, நூல் ஓடின தடம் பூச்சில் அப்படியே நிற்கிறது. காட்டுப் புழுதியைக் குடித்த 70-300 ஓடிக்கொண்டிருக்க, தொட்டில் பிள்ளை மாதிரி வைத்திருந்தது போனது.

அன்றிலிருந்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மானி. 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வசதியுள்ளவர்கள் மின்சார உலர்பெட்டி வாங்கலாம். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் போடலாம், ஆனால் அது கோபால்ட் கலந்தது, சமைக்கிற சட்டியில் போடாதீர்கள். நான் போட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவ சொன்னது சரி. அரிசிக்குள் லென்ஸைப் புதைப்பவர்களுக்கு: அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, தவிட்டுத் தூளை மட்டும் தாராளமாகக் கொடுக்கும்.

இவ்வளவையும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். நீர்க்காகப் படங்களையும் காட்டினேன். டேப் எதில் இருக்கிறது என்று அவனும் பிழையாகத்தான் காட்டினான். பிளேன்டி ஆறிப்போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தலையாட்டிவிட்டு,

"நீங்க சொல்றது விளங்குதண்ணே. ஆனா நான் மறுகா விக்கக்குள்ள வாறவனும் டோர்ச் அடிப்பான் தானே? அஞ்சாயிரம் குறைங்க" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தூசி படத்தில் விழாது, விலையில் விழுந்துவிடுகிறது. மூவாயிரம் குறைத்துக் கொடுத்தேன். தும்போடு சேர்த்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனான்.

நேற்று எனக்கு மாற்று லென்ஸ் தேடி அக்கரைப்பற்றில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். நீளமானது, பாவித்தது, விலை பரவாயில்லை. மூடியைக் கழற்றினேன். கை தானாகச் சட்டைப் பையில் போனைத் தேடியது. டோர்ச் அடித்தேன். ஓரத்தில் நூல் இல்லை, நல்லது. நடுவில் ஆறேழு தூசி. லென்ஸ்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், உள்ளுக்குத் தூசி கிடக்கு" என்றேன். இரண்டாயிரம் குறைத்தார்.